நகராமல் ஓடிய வண்டி

ஆகஸ்ட் 6

உத்தரவு கைக்கு வந்துவிட்டது. மலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. செப்டம்பர் முதல் தேதி போய்ச் சேராவிட்டால் பதவி அடுத்தவருக்குப் போய்விடும். மேலே போவது ஒரே ஒரு பேருந்து, அதுவும் பள்ளிக்கூட மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் போகிறது. தினமும் தாமதமாக வரும் தலைமையாசிரியை பிள்ளைகளை எந்த முகத்தோடு கண்டிப்பாள்?

ஆகவே மாமனாரின் கார்தான். அவர் போன பிறகு எங்களிடம் வந்தது. பதினைந்து வயது, ஓடியது வெறும் பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். எனக்கு ஓட்டத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 9

காலையில் கிளம்ப கியரை டி-யில் போட்டால் வண்டி கொஞ்சம் யோசிக்கிறது. பிறகு யாரோ முதுகில் தள்ளிவிட்ட மாதிரி ஒரு குதி. மேம்பாலத்தில் கியர் மாறும்போதும் உலுக்கியது. பாலத்துக்கே இப்படி என்றால் மலைக்கு?

ஆகஸ்ட் 11

இரண்டு இடத்தில் கேட்டாயிற்று. கம்பெனி சர்வீஸில், கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்க வரும், மாற்றவே வேண்டாம் என்றார்கள். யார் ஆயுள்? அதைச் சொல்லவில்லை. தெருமுனை மெக்கானிக்கோ, பதினைந்து வருடம் தொடாததை இப்போது தொட்டால் இருக்கிற பிடிப்பும் போய்விடும், வண்டி நகராது என்கிறார். ஒருவருக்கு ஆயில் கெடவே கெடாது, மற்றவருக்கு அது கெட்டுப்போனதால் தொடக்கூடாது. என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "ரெண்டு பேருமே வேணாங்கறாங்க. விடேன்." விடுவதற்கு இவர் பெரிய கெட்டிக்காரர். கியர்பாக்ஸ் போனால் மாற்ற நமக்கு வக்கில்லை. காரும் போய்விடும், பதவியும் போய்விடும்.

ஆகஸ்ட் 13

மண்டைக் குடைச்சல். தூக்கமில்லை.

ஆகஸ்ட் 16

அண்ணி வந்திருக்கிறார். இவருடைய அக்கா, ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வந்த கையோடு என் சமையலறை அலமாரியைத் திறந்து, தேதி முடிந்த பொட்டலங்களை வெளியே எடுத்து வரிசையாக வைப்பார். முன்பெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று காரைப் பற்றிப் புலம்பினேன். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு அண்ணி கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு பேர்ல யாராவது ஆயிலைப் பாத்தாங்களா?"

யாருமே பார்க்கவில்லை. பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. அதை எனக்குக் கேட்கத் தோன்றவும் இல்லை.

ஆகஸ்ட் 17

வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கச் சொன்னார் அண்ணி. பிறகு கியர்பாக்ஸின் அளவுக் கம்பியை உருவி, வடிகட்டும் தாளில் ஒரு சொட்டு விட்டார். பக்கத்திலேயே கடையில் வாங்கிய புது ஆயில் ஒரு சொட்டு. மீதியை விரலில் தேய்த்து, டியூப்லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். இவர் வாசலில் நின்று, "அதுக்கு சுகர் இருக்கான்னும் பாருக்கா" என்றார். அண்ணி தாளின் ஓரத்தில் தேதி எழுதினார்.

ஆகஸ்ட் 18

காலையில் தாளைக் காட்டினார். புது ஆயில் ரோஜா நிறத்தில் அகலமாகப் பரவியிருந்தது. நம்முடையது பழுப்பாக, நடுவில் கறுத்து நின்றுவிட்டது. கருகல் வாடையும் உண்டு. ஆனால் இரும்புத் துகள், மினுமினுப்பு, எதுவும் இல்லை. ஆயில் களைத்துவிட்டது, கியர்பாக்ஸ் இன்னும் தேயவில்லை. தேய்ந்திருந்தால் மெக்கானிக் சொன்னதைக் கேட்டிருப்பேன் என்றார். எவ்வளவு நேர்மை!

ஆனால் ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. இத்தனை குறைவாக ஓடிய வண்டியில் ஆயில் ஏன் கருக வேண்டும்?

எனக்குப் பொறி தட்டியது. மாமா தினமும் காலையில் செய்தித்தாளோடு ஷெட்டுக்குப் போவார். வண்டியைக் கிளப்பி, ஏசியைப் போட்டு, டி-யில் வைத்து, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு பேப்பர் முழுக்கப் படிப்பார். நடுநடுவே கியரை முன்னும் பின்னும் மாற்றுவார். சும்மா கிடந்தால் துருப்பிடிக்குமாம். காரை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று வீடே மெச்சியது, நானும்தான்.

சொன்னதும் அண்ணி அந்தத் தாளை மெதுவாக மடித்தார். அவருக்கு அப்பா அல்லவா. பிறகு, "நின்ன இடத்துலயே ஆயில் சூடேறியிருக்கு. வண்டி ஓடியிருக்கு. நகரல, அவ்வளவுதான்" என்றார்.

ஆகஸ்ட் 19

மாற்றலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். நேரே பார்த்துச் சொன்னார்: "நான் பாத்ததை வெச்சு மாத்தலாம்னு தோணுது. உறுதின்னு சொல்லமாட்டேன். மலை ஏறப்போறது நீ. முடிவும் நீதான் எடுக்கணும்."

இந்த வீட்டில் எனக்கு இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. மாற்றுகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 20

மெக்கானிக் கையைப் பிசைந்தார். அப்புறம் கெட்டால் தன்னைக் கேட்கக்கூடாது என்றார். அண்ணி நிதானமாக, "உங்களை யாரும் கேக்க மாட்டாங்க. என் பேச்சைக் கேட்டுத்தான் மாத்தறா, கெட்டா நான் பதில் சொல்றேன்" என்றார். வண்டியோடு வந்த கையேட்டில் எந்த வகை ஆயில் என்று பார்த்து அதையே வாங்கினோம். மிஷின் போட்டு முழுவதையும் அலசவேண்டாம், தானாக வடிவது வடியட்டும், வடிந்த அளவே ஊற்றுங்கள் என்று சொல்லி அண்ணி கூடவே நின்றார். நல்ல சேலையில் ஆயில் பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 21

அதே யோசனை. அதே குதி.

தப்புப் பண்ணிட்டேனோ? ஊருக்குத் திரும்பிவிட்ட அண்ணிக்குப் போன் போட்டு அழாக்குறையாகச் சொன்னேன். பாதிக்கும் குறைவாகத்தான் வடியும், மீதிப் பழசு உள்ளேயே கலந்திருக்கும், ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்று என்றார். ஆறுதல் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் போனை வைத்தவுடன் காலண்டரில் இருபத்தெட்டாம் தேதியை வட்டமிட்டேன்.

ஆகஸ்ட் 28

இரண்டாம் முறை மாற்றியாயிற்று. இந்தத் தடவை வடிந்தது முன்பைவிடச் சிவப்பாக இருந்தது. மெக்கானிக் தானே முகர்ந்து பார்த்தார்.

ஆகஸ்ட் 29

டி-யில் போட்டேன். யோசிக்கவில்லை. நழுவிக்கொண்டு கிளம்பியது. தெருக்கோடி வரை போய்விட்டு, ஒரு காரணமும் இல்லாமல் திரும்ப வந்து, மறுபடி போனேன்.

எந்தத் துறையில் இருந்தாலும் அண்ணி இப்படித்தான் இருந்திருப்பார். அவர் பார்த்து ரிப்போர்ட் எழுதும் நோயாளிகள் கொடுத்துவைத்தவர்கள். அலமாரியை எத்தனை முறை வேண்டுமானாலும் திறக்கட்டும்.

செப்டம்பர் 1

சேர்ந்துவிட்டேன்.

முதல் நாளுக்காக அண்ணி லீவு போட்டு வந்திருந்தார். இவர் பின்சீட்டில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு எனக்குப் பாடம் நடத்தினார். கியர் மாறுவது தெரியாமல் மாறியது. பாதி மலையில் ஏதோ சந்தேகம் கேட்க அண்ணி பக்கம் திரும்பினேன். ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். இவரைப் பேசாமல் வரச் சொன்னேன். பள்ளி வாசல் வரை அண்ணியை எழுப்பவில்லை.