சுலோசனாவுக்கு ஒரு அத்தியாயம்

ஜூலை 22, செவ்வாய்

காலையில் இரண்டாம் ஆண்டு வகுப்பில் கதைமாந்தர் வகைகள் நடத்தினேன். முதன்மை மாந்தர், துணை மாந்தர், மாறுகிறவர், கடைசிவரை மாறாதவர். ஒரே குணத்தைக் கொடுத்து ஒருவரைக் கதை முழுக்க நடமாட விடுவது சோம்பேறி எழுத்தாளர் செய்கிற வேலை என்று முழங்கிவிட்டு வந்தேன்.

மாலையில் பதிப்பாளர் இளம்பரிதி போன் செய்தார். என் நாவலைப் படித்துவிட்டாராம். "எல்லாம் சரி மேடம், அந்த நாத்தனார் மட்டும் ஒட்டல. மொத பக்கத்துலயும் கதவ அறையுறாங்க, கடைசிப் பக்கத்துலயும் அறையுறாங்க. ஏன் அப்படி ஆனாங்கன்னு ஒரு அத்தியாயம் எழுதிக் குடுங்க, பொங்கலுக்குள்ள போட்டுடலாம்" என்றார். வகுப்பில் நான் நடத்தியதை எனக்கே நடத்துகிறார். எரிச்சலாக இருந்தது.

ஜூலை 23

சில பேர் காரணமே இல்லாமல் சிடுசிடுப்பார்கள். இது ஏன் பதிப்பாளர்களுக்குப் புரிவதில்லை?

ஜூலை 27, ஞாயிறு

அந்த நாத்தனார் யாரென்று இந்த நோட்டிடம் மறைக்க வேண்டியதில்லை. சுலோசனாதான். என் கணவர் செல்வகுமாரின் தங்கை. நாற்பத்தாறு வயது, கல்யாணமாகவில்லை, உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். என் மகள் மதிவதனியை வளர்த்தவளும் அவள்தான். நான் வேலை, பிஎச்.டி. என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

இன்று அவளைக் கொஞ்ச நேரம் ஒரு பாத்திரமாக நினைத்துக் கவனித்தேன். சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னா அண்ணி அப்படிப் பாக்குறீங்க, செதிலு உங்க மேல தெறிச்சிடுச்சா?" என்றாள். பேச்சே அப்படி. மதி சிரித்தாள். அத்தை எதைச் சொன்னாலும் அவளுக்குச் சிரிப்புதான்.

ஆகஸ்ட் 3

நாத்தனாருக்கு ஒரு காதல் தோல்வி எழுதினேன். அடித்தேன். சின்ன வயதில் அம்மா இறந்ததாக எழுதினேன். அதையும் அடித்தேன்.

காரணம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வேறு காரணம் தேடுகிறேன்.

ஆகஸ்ட் 16, சனி

நேற்றும் இன்றும் விடுமுறை. சாக்குச் சொல்ல வழியில்லை. எழுதிவிடுகிறேன்.

2009. மதிக்குப் பத்து மாதம். எனக்கு அப்போதுதான் கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. வில்லியனூரிலிருந்து வந்து சுலோசனாவைப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளை பெயர் ஜானகிராமன், உரக்கடை வைத்திருந்தார். தகவல் சொல்கிறோம் என்று போனார்கள். நாலாம் நாள் மாப்பிள்ளையின் அத்தை என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்தார். பெண் எடுப்பவர்கள் அண்ணிக்காரியைத் தனியாக விசாரிப்பது வழக்கம்தான். கூடப் பிறந்தவர்கள் மறைப்பார்கள், வாழ வந்தவள் மறைக்க மாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. "எங்களுக்குப் பொண்ண ரொம்பப் புடிச்சிருக்கும்மா. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார்.

சுலோசனாவுக்கு மூன்று வயதில், கடும் காய்ச்சலில், ஒரே ஒரு முறை வலிப்பு வந்ததாக மாமியார் எப்போதோ சொல்லியிருந்தார். "சின்ன வயசுல வலிப்பு இருந்துச்சாம். நான் வந்தப்புறம் பாத்ததில்ல" என்றேன். காய்ச்சலைச் சொல்லவில்லை. ஒரே முறை என்பதையும் சொல்லவில்லை. அந்த அம்மா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஏன் சொன்னேன்? அவ போயிட்டா கொழந்தைய யாரு பாத்துக்குவாங்க — அவ்ளோதான். வேற ஒண்ணுமே இல்ல. அவ மேல கோவம்கூட இல்ல.

ஆகஸ்ட் 17

தகவல் வரவேயில்லை. பெண் வீட்டார் போய் எப்படிக் கேட்பது என்று இவரும் விட்டுவிட்டார். போன் அடிக்கும்போதெல்லாம் சுலோசனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். ஒரு மாதம் பார்த்தாள். அதற்கப்புறம்தான் கதவுகள் அறைபட ஆரம்பித்தன. அடுத்து வந்த வரன்கள் முன்னால் வந்து நிற்கவே மறுத்துவிட்டாள்.

செப்டம்பர் 6

அத்தியாயத்தை எழுதி அனுப்பினேன். இளம்பரிதிக்கு ஏக மகிழ்ச்சி. "இப்பதான் மேடம் நாத்தனாருக்கு உசுரு வந்துருக்கு. கதாநாயகியும் இப்பதான் ஆளா தெரியறாங்க. எப்படிக் கற்பனை பண்ணீங்க?"

ஒரு நிமிடம் பூரித்துப்போனேன். சீ, என்ன ஜென்மம் நான்.

செப்டம்பர் 9

நான் வாங்கி வரும் புத்தகம் எதையும் சுலோசனா படிக்காமல் விட்டதில்லை. இதையும் படிப்பாள். அச்சில் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்? அத்தியாயத்தை எடுத்துவிடலாம். எடுத்தால் நாவலில் மறுபடியும் அவள் கதவை அறைகிறவள், நான் பாவப்பட்டவள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அத்தியாயத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். இவரும் மதியும் வெளியே போயிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

"இது கதையா அண்ணி?"

"இல்ல."

அறைவாள், கத்துவாள் என்று நின்றேன். தாள்களை அடுக்கி வைத்தாள்.

"பாத்துட்டுப் போனவங்க ஏன் திரும்பி வரலன்னு நான் வேற என்னமோ நெனச்சிட்டிருந்தேன்."

"என்னன்னு?"

"எம் மொகத்துக்குன்னு."

பதினாறு வருஷம். அவள ரொம்பப் புடிச்சிருக்குன்னு சொன்னவங்க அவங்க. அதக்கூட நான் அவகிட்ட சொல்லல.

செப்டம்பர் 15

வழக்கம்போல் எனக்கும் சேர்த்துத்தான் காபி போட்டிருந்தாள். குடிக்க முடியவில்லை.

செப்டம்பர் 18

இவரிடம் நானே சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலேயே கையைக் கழுவினார்.

அக்டோபர் 5, ஞாயிறு

சுலோசனா மூலக்குளத்துக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை, தங்க அறையும் உண்டு. ஆட்டோவில் ஏறும்போது, "அந்தப் புக்கு போடுறதுன்னா போட்டுக்குங்க. நான் வாங்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். மதி அழுதாள். ஏன் என்று அவளுக்கும் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 9

நாவல் வேண்டாம் என்று இளம்பரிதியிடம் சொன்னேன். திரும்பத் திரும்பக் காரணம் கேட்டார். சொல்லவில்லை.

நவம்பர் 1, சனி

மதி மூலக்குளம் போய்விட்டு வந்தாள். போனில் ஒரு போட்டோ. எந்தக் கல்யாண வீட்டிலும், யார் கூப்பிட்டும், கேமரா முன்னால் வந்து நிற்காதவள் சுலோசனா. தலையில் பூ வைத்துக்கொண்டு விடுதி வாசலில் தனியாக நிற்கிறாள். நேராகப் பார்க்கிறாள்.

"அத்தையே எடுக்கச் சொன்னாங்க" என்றாள் மதி.

எனக்கு அனுப்பு என்றேன்.

"உனக்கு அனுப்ப வேணாம்னு சொன்னாங்கம்மா. காட்ட மட்டும் சொன்னாங்க."

அவள் திருப்பிக் கேட்கும்வரை போனைக் கையில் வைத்திருந்தேன்.