எல் பட்டனை அழுத்தியது யார்

சூரமங்கலம்
9.8.2025

தனப்பிரியாவுக்கு நிலவன் எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. போன் செய்தால் உன் அண்ணன் பூபதி மச்சான்தான் எடுக்கிறார். "பாப்பா தூங்குதுங்க மாப்ள" என்கிறார். காலை பதினொரு மணிக்கும் தூக்கம், மாலை ஐந்து மணிக்கும் தூக்கம். எட்டாம் மாதத்தில் அப்படி வரும் என்றால் சரி, நம்பிக்கொள்கிறேன். அதனால்தான் தபால். கவரை ஒட்டி உன் பெயரை எழுதியிருக்கிறேன். நீயே பிரி.

அடுத்த ஸ்கேனுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை இங்கே பீரோ மேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இதோடு வைத்திருக்கிறேன். தேதி தாண்டாமல் போய்விட்டு வா. குமாரபாளையத்தில் கூட்டமாக இருந்தால் பாலத்தைத் தாண்டி பவானியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

பிப்ரவரியில் உன் பழைய கம்ப்யூட்டரை பூபதி மச்சான் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். பள்ளிக்கூட நாளில் நீ ஆடிய குகை விளையாட்டு அதில் இருக்கிறது, அது வேண்டும் என்று கேட்டிருந்தாய். விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவன் ஓடுவான், பள்ளம் வந்தால் குதிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். கிளம்பும்போது மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத ரொம்ப நோண்டாதீங்க மாப்ள. அவ பாட்டுக்கு ஆடிட்டுப் போறா" என்றார். ஒரு பழைய கம்ப்யூட்டரை நோண்டாதே என்று ரயில்வே சிக்னல் டெக்னீஷியனிடம் ஒருவர் எதற்குச் சொல்ல வேண்டும்? அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன்.

மே மாதம் நீ ஒரு புகார் சொன்னாய். "ஏனுங்க, இந்த எல் பட்டன் புடிக்கமாட்டேங்குது. ஒருக்கா குதிக்கறான், நாலு தடவ பள்ளத்துல உளுந்தர்றான்." கீபோர்டைக் கழற்றித் துடைத்தேன். அப்படியும் சரியில்லை என்றாய். ஐந்து ரோட்டுக் கடையில் புதுசு வாங்கி, பழைய கம்ப்யூட்டருக்குச் சேரக் கன்வர்ட்டர் போட்டுக் கொடுத்தேன். அதே புகார். கன்வர்ட்டர் மேல் சந்தேகப்பட்டு, பழைய சாமான் கடையில் தேடி கன்வர்ட்டர் இல்லாமல் நேராகச் செருகும் உருண்டை முள் வைத்த பழைய மாடல் கீபோர்டையே எடுத்துவந்தேன். அதற்கும் அதே புகார். சட்டென்று அழுத்தி விட்டால் கணக்கில் எடுக்காத ஒரு அமைப்பு விண்டோஸில் உண்டு, அதை அணைத்தேன். மலிவான கீபோர்டில் மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை விழுங்கிவிடும், அதையும் சோதித்தேன். என் விரலுக்கு எல் பட்டன் நூற்றுக்கு நூறு தடவை குதித்தது. உன் முன்னாலேயே குதிக்கவைத்துக் காட்டினேன். உனக்கு ஆட வரவில்லை, அதற்குக் கீபோர்டைக் குறை சொல்லாதே என்றும் சொன்னேன். நீ அரிசி களையப் போய்விட்டாய்.

அதன் பிறகு ஒரு காரியம் செய்தேன். எந்தப் பட்டன், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டது என்று எழுதிவைக்கும் ஒரு புரோகிராமை உனக்குத் தெரியாமல் போட்டேன். கோளாறைப் பிடிக்கத்தான் போட்டேன். நீ ஜூலையில் ஏழாம் மாதக் கட்டுச்சோறு முடிந்து பிரசவத்துக்கு உங்கள் ஊருக்குப் போன பிறகுதான் அதைத் திறந்து படித்தேன்.

உன் பெயரில் இருக்கும் ஆட்டத்தில் எல்லாப் பட்டனும் இடது கைப் பக்கம். நீ இடது கைக்காரி, சரி. மூன்று லட்சத்துக்கு மேல் பாயிண்ட். அந்த ஆட்டத்தில் எல் பட்டனுக்கு வேலையே கிடையாது. எல் பட்டனில் குதிப்பது பெயர் போடாத இன்னொரு ஆட்டத்தில். அதில் ஆடுவது வலது கை. அறுநூறு பாயிண்டைத் தாண்டத் திணறும் கை. தினமும் மதியம் மூன்றிலிருந்து நாலு வரை, நான் டியூட்டியில் இருக்கும் நேரம். நான் ஆஃப் எடுத்த எந்த நாளிலும் அது ஆடப்படவில்லை.

நீ ஆடாத ஆட்டத்தின் பட்டனுக்கு நீ எதற்குப் புகார் சொன்னாய்? யாருக்காகச் சொன்னாய்?

போன வாரம் போனில் இதைத்தான் கேட்டேன். நான் இல்லாதபோது வீட்டுக்கு யார் வந்தது என்று. நீ போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து உன் அண்ணன்தான் எடுக்கிறார். இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? மெஷின் பொய் சொல்லாது. மனுஷர்கள் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு. யார் என்று மட்டும் எழுது. ஒருவரும் இல்லை என்றால் அதையாவது உன் கையால் எழுது.

நிலவன்

*

சூரமங்கலம்
18.8.2025

அன்புள்ள தனப்பிரியா,

நீ பதில் எழுதவில்லை. மஞ்சுளா அக்காதான் போன் செய்தார். உன் அண்ணி நயமாகப் பேசுகிறவர், அன்றைக்குப் பேச்சில் நயம் இல்லை. "என்னத்தங்க தம்பி எழுதுனீங்க? படிச்சுட்டு ரெண்டு நாளா சோறு எறங்கல. இனிச் சூரமங்கலம் வரலீங்குது. கொழந்த பொறந்தாலும் இங்கயே இருந்துக்கறேங்குது" என்றார். இன்னொன்றும் சொன்னார். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கச் சொன்னால் நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாயாம். "கீழ போட்ருவேன் அண்ணி" என்கிறாயாம். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதுங்க" என்றார். தெரியாதவர் அவ்வளவு வேகமாகச் சொல்ல மாட்டார்.

எனக்குச் சந்தேகம் குறையவில்லை, கூடியது. ஆனால் இடம் மாறிவிட்டது. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து அந்தப் பதிவை முதலிலிருந்து மறுபடி படித்தேன். முன்பு நேரத்தைப் பார்த்தேன், பாயிண்டைப் பார்த்தேன். இந்தத் தடவை விரலைப் பார்த்தேன். எல் அழுத்தப்படும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முன்னால் பக்கத்துப் பட்டனான கே அழுத்தப்பட்டிருக்கிறது. இரண்டும் லேசில் விடுபடவில்லை. கீபோர்டுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தால் மூன்று கீபோர்டிலும் ஒரே மாதிரி ஒட்டாது. அப்படியானால் கை.

அதே மாதிரிப் பதிவு வரவழைக்க எல்லாம் செய்து பார்த்தேன். இடது கையால் அடித்தேன், கையைக் குறுக்கே போட்டு அடித்தேன், கண்ணை மூடி அடித்தேன். வரவில்லை. கடைசியில் என் வலது கை நடுவிரலையும் மோதிர விரலையும் இன்சுலேஷன் டேப் போட்டுச் சேர்த்துக் கட்டி, மோதிர விரலுக்குப் பலமே கொடுக்காமல் நடுவிரலால் அதை இழுத்து அழுத்தினேன். வந்தது. அச்சாக அதே பதிவு. பத்துக்கு எட்டு முறை பள்ளத்தில் விழுந்தேன்.

பிறகு உன் பெயரில் இருக்கும் ஆட்டத்தைத் திறந்தேன். பட்டன்களை மாற்றும்போதெல்லாம் பழைய அமைப்பை அது தேதி போட்டு ஒதுக்கி வைக்கிறது. இதுவரை அதை நான் பார்க்கவே இல்லை. 2011 ஜூன் வரை எல்லாம் வலது கைப் பக்கம். செப்டம்பரிலிருந்து எல்லாம் இடது. நடுவில் இரண்டு மாதம் ஆட்டமே இல்லை. பிறவியிலேயே இடது கைக்காரி அப்படி மாற மாட்டாள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு அத்தை, "புள்ளைக்கு எடது கை பழக்கமுங்க, அது ஒண்ணுதான்" என்றார். காபித் தட்டை உன் அண்ணி எடுத்துவந்தார், நீ வெறுங்கையோடு வந்து நின்றாய். கல்யாணத்துக்குப் பிறகு நீ ஸ்பூனில் சாப்பிட்டாய். ஹாஸ்டல் பழக்கம் என்றாய். ஒரு வருஷத்துக்கு மேல் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட நான் அதையும் நம்பினேன். எதை எதையோ சந்தேகப்பட்டவன் இதைச் சந்தேகப்படவில்லை.

பூபதி மச்சானுக்குப் போன் செய்து, தனாவின் வலது கைக்கு என்ன ஆயிற்று என்று நேராகக் கேட்டேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் தள்ளிப் போனது, வெளியே வந்துவிட்டார் போல. "ஒம்பதாவது படிச்சுட்டு இருந்தா. தறியில குறுக்க ஓடற நாடாக்கட்டை தெறிச்சு வலது மணிக்கட்டுல அடிச்சுருச்சுங்க. கடைசி ரெண்டு வெரலுக்கு உசுரு வரல. நான் ஓட்டுன தறிங்க மாப்ள" என்றார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "கையச் சொன்னதால மூணு எடம் தட்டிப்போச்சு. நாலாவது நீங்க. அம்மா சொல்லவேண்டாம்னாங்க, நானும் வாயை மூடிக்கிட்டேன்" என்றார். நான் கோபமாக ஏதோ சொன்னேன். "அவளத் திட்டாதீங்க, என்னைத் திட்டிக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

மறைத்தது தப்பு. அதை நான் இல்லையென்று சொல்லப் போவதில்லை. பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். "அதனாலென்ன" என்று உடனே சொல்லியிருப்பேன் என எழுத ஆசைதான். எனக்கு அது உறுதியாகத் தெரியவில்லை. உங்கள் வீட்டார் பயந்ததில் காரணம் இருந்திருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணமானவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் நான் எழுதியது அதைவிடப் பெரிய தப்பு. பெயர் போடாத ஆட்டத்திலும் அதே மாதிரித் தேதிகள் இருக்கின்றன. அதை நீ தொடங்கியது பிப்ரவரி பன்னிரண்டு. முந்தின நாள்தான் டாக்டர் குழந்தை உறுதி என்றார். அந்த மாதம் ஆள்காட்டி விரலுக்கு ஜே. மார்ச்சில் நடுவிரலுக்குக் கே. மே மாதம் மோதிர விரலுக்கு எல். ஜூலையில் சுண்டு விரலுக்கு அதற்கும் அடுத்தது. பதினான்கு வருஷமாக அசையாத விரல்களை மதியம் மூன்று மணிக்குத் தனியாக உட்கார்ந்து நீ பழக்கியிருக்கிறாய். மோதிர விரலும் இடையிடையே சொன்னபடி கேட்டிருக்கிறது. அதனால்தான் பட்டன் மேல் கோளாறாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு என்னிடம் கேட்டாய். நான் உனக்கு ஆட வரவில்லை என்றேன். பிறகு வீட்டுக்கு யார் வந்தது என்றும் கேட்டேன்.

அந்தப் புரோகிராமை அழித்துவிட்டேன். எழுதிய கடிதத்தை அப்படி அழிக்க முடியாது. கிழித்துப் போட்டாலும் நீ படித்துவிட்டாய். மன்னித்துவிடு என்று கேட்கிறேன், சமாதானம் சொல்லவில்லை.

இரண்டு ஏற்பாடு செய்திருக்கிறேன். இங்கே நரம்பு டாக்டர் ஒருவரிடம் பேசினேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முழுதாகத் திரும்பும் என்று சொல்ல மாட்டேன், பிரசவம் ஆகட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். பொய் நம்பிக்கை கொடுக்காததால் அவரிடமே போகலாம். அடுத்தது, அத்தையிடம் பேசிவிட்டேன். குழந்தையை முதலில் யார் கையில் கொடுப்பது என்று அங்கே பேச்சு எடுத்தால், அது உன் கைதான் என்று சொல்லியிருக்கிறேன். அத்தை அழுதார். நான் சரியென்று வைத்துவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பத்து மணிக்குக் குமாரபாளையத்தில் இறங்குவேன். வர வேண்டாம் என்றால் மஞ்சுளா அக்காவிடம் சொல்லிவிடு, உன் வாசல் பக்கம் வராமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். வரலாம் என்றால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். பேசவும் வேண்டாம். உட்கார இடம் கொடுத்தால் போதும்.

நீ நல்லபடியாகப் பிள்ளை பெற வேண்டும், தனா. பிறந்ததும் பயப்படாமல் வாங்கிக்கொள். உன் கைக்குக் கீழே நான் கை வைத்திருப்பேன். வேண்டாம், எடுங்கள் என்று நீ சொல்கிற நாள் வரைக்கும் வைத்திருப்பேன்.

உன்
நிலவன்