நான் வைத்த பந்து

ஜூலை 6, ஞாயிறு
மொன்ட்ரியால்-நோர் பூங்காவில் இன்றும் கிரிக்கெட். பல்கனியில் பூட்டிய கமரா படம் பிடித்தது. நான் தேநீர் குடித்தேன். கலை இப்போது இப்படித்தான் நடக்கிறது. கீழ்வீட்டு ரதீசன் நடுவர். லவால் நகரத்துப் பொருள் கிடங்கில் பெட்டி தூக்கி முதுகு போனதிலிருந்து அவன் மருத்துவ விடுப்பில் இருக்கிறான். ஆட முடியாதவன், தீர்ப்பாவது சொல்லட்டும்.

ஜூலை 19
கமராப் பதிவைப் பார்த்து, அவுட் கொடுக்க விரலை உயர்த்திய ரதீசனை வரைகிறேன். ஓவியம் படுத்துக் கிடந்தது. விரலை அழித்துவிட்டுக் கையில் ஒரு பந்தை வைத்தேன். முதுகையும் வளைத்தேன். ஓவியம் எழுந்துவிட்டது.

ஆகஸ்ட் 28
டவுன்டவுனில் கண்காட்சி திறப்பு. நகரத்தின் கமராக்கள் அப்பாவிகளைக் குற்றவாளிகளாக்குவது பற்றிப் பேசினேன். நல்ல கைதட்டல். ஓவியத்தின் பக்கத்தில் நான் எழுதிய வரி: 'கமரா கண்டது மட்டுமே, ஓவியர் எதையும் சேர்க்கவில்லை.' பந்து வீசும் ரதீசன் அந்த வரியோடு நாளிதழிலும் வந்துவிட்டான்.

செப்டம்பர் 9
ரதீசனின் மனைவி சிவாஜினி வந்தாள். நாளிதழை மேசையில் விரித்தாள். கிடங்கு மேலாளர் பார்த்துவிட்டாராம். முதுகுவலி பொய் என்று வேலையை விட்டு நீக்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை.

"பந்து எறியவே இல்லையெண்டு சத்தியம் பண்ணுறார். அண்ணை பொய் எழுதமாட்டார் எண்டு நான் அவரோட சண்டை பிடிச்சிட்டன். உண்மையைச் சொல்லுங்கோ, எறிஞ்சவரோ?"

"பார்க்க வேணும்" என்றேன்.

எதைப் பார்க்க வேணும்? நானே வைத்த பந்தையா?

செப்டம்பர் 10
கண்காட்சிக்கூடத்தை நடத்தும் கிறகரியிடம், பந்தை வைத்தது நான்தான் என்று சொன்னேன். "அந்த வரி பொய்யென்றால் முழுக் கண்காட்சியும் பொய்" என்றார். விசாரணையில் உண்மையைச் சொல்வதா என்று யோசிப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஒருத்தன்ர சோறு போகுது — இதில யோசிக்க என்ன கிடக்கு? வெக்கமில்லையோ எனக்கு?

செப்டம்பர் 11
இன்றும் யோசித்தேன். படியில் ரதீசன். "என்ன அண்ணை, என்ர பந்து விக்கெட் எடுத்ததோ?"

செப்டம்பர் 12
விசாரணைக்குப் போய் அசல் ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். விரல் மட்டும்தான். பந்து எங்கே என்று மேலாளர் கேட்டார். நான் வைத்தது என்றேன். ஏன்?

"அழகுக்கு."

அந்தச் சொல் அந்த அறையில் எப்படிக் கேட்டது என்று எழுதத் தெரியவில்லை. ரதீசனின் வேலை தப்பியது. கிறகரி மாலையே ஓவியங்களை இறக்கிவிட்டார்.

செப்டம்பர் 28
கமராவைக் கழற்றியாயிற்று. பல்கனியில் சும்மா நின்றேன். பூங்காவில் பந்து மட்டையில் உரசிக் கீப்பரிடம் போனது, எல்லோரும் கத்தினார்கள். நடுவர் ரதீசன் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அவுட். போ மச்சான்" என்றான்.

"விரலைக் காட்டடா, போறன்" என்றான் மட்டை பிடித்தவன்.

"காட்டமாட்டன். மேல ஆள் நிக்குது."