பூசை நேரத்துல எழும்புற கோடு

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்ங்க. முட்டிவலி தேவலையா? புனேல நான் சூப்பரா இருக்கேன்.

நெட் எந்தெந்த போன்ல ஓடுதுன்னு கோடு போட்டுக் காட்டுற ஆபீஸ் சாஃப்ட்வேர்ல நம்ம மொரப்பூர் வூட்டு வைஃபையையும் சேத்துட்டேம்மா, செம்ம! ஞாயித்துக்கிழமை நீங்க வூட்டைப் பூட்டிட்டு பூசைக்குப் போன நேரத்துல ஒரு கோடு மட்டும் எழும்புச்சு. டிவி, உங்க போன் எல்லாத்தையும் மறைச்சு, கிராஃபைப் பெருசாக்கிப் பாத்தேன். அப்பாவோட போனும்மா! "இது இல்லாம அவருக்குத் தூக்கம் வராது"ன்னு நீங்கதானே சவப்பெட்டிக்குள்ள வெச்சீங்க?

கூட வேலை பாக்குற அனிஷா, "பிளாக் பண்ணுடா லூசு"ன்னா. பட்டன்கிட்ட போயிட்டேன், அமுக்க மனசு வரலீங்கம்மா.

பயப்படாதீங்க, ஏதாச்சும் கோளாறா இருக்கும். கொள்ளுப்பொடி அனுப்புங்க. பூசைக்குக் கிளம்புறப்ப வைஃபைய மட்டும் அணைச்சிடாதீங்க.

ஷிப்டுக்கு ஓடுறேன்,
உங்க ஜெரால்டு