சுருளாகக் கிடந்த வயர்

சோனகதெரு,
யாழ்ப்பாணம்.
11.02.2025

அன்புள்ள தம்பி ஜெயதீபனுக்கு,

நோர்வேக் குளிரில் நீங்களும் பிள்ளையும் சுகமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். நானும் மனைவி ஸபூராவும் நலம். போனில் கேட்டால் "பரவாயில்லை நளீர் நானா" என்று சமாதானம் சொல்லி முடித்துவிடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

என் கடை மாடியில் நீங்கள் பொருத்திவிட்டுப் போன பெட்டியைப் பற்றித்தான். கடலில் தத்தளிக்கும் படகு வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் எந்தத் திசையென்று அது காட்டும், அதற்கு உள்ளே இருக்கும் நாலு ரேடியோ போர்டுகளும் ஒரே மணிக்கூட்டின் துடிப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்று சொன்னீர்கள். மார்கழி மழையில் பெட்டிக்குள் ஈரம். திறந்து துடைத்தேன். மணிக்கூட்டிலிருந்து பக்கத்திலேயே இருக்கும் இரண்டு போர்டுகளுக்குப் போகும் வயர் தேவைக்கு மேல் நீண்டு, சுருளாகக் கிடந்தது. முப்பது வருடமாக வயரிங் செய்கிறவன் நான். சுருட்டிவிட்ட வயர் சூடேறும். மிச்சத்தை வெட்டி, முனைகளை ஒழுங்காகப் பூட்டினேன். நாலு பச்சை விளக்கும் எரிந்தன. உங்களிடம் சொல்ல வேண்டுமென்று கூடத் தோன்றவில்லை.

போன வாரம் குருநகர் மீனவர் யூட்ஸ்ரனின் படகு எஞ்சின் நின்று, அவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். பெட்டி நெடுந்தீவுப் பக்கம் காட்டியது. எல்லோரும் அங்கேதான் தேடினார்கள். இரண்டு நாள் கழித்து, வலைக்குப் போன வேறொரு படகு தற்செயலாக அவரைக் கண்டது வேறு திசையில், இரணைதீவுப் பக்கம். தண்ணீரில்லாமல் நாக்கு வீங்கி, இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

காற்று இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். நேற்று உங்கள் கம்பஸில் படிக்கும் பிள்ளை கஜந்தினி, இங்கே பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தாள். "அங்கிள், மிச்ச வயர் எங்கை? நாலும் ஒரே நீளம் இருக்க வேணுமெண்டுதானே அண்ணை சுத்தி வைச்சவர்" என்றாள். மணிக்கூட்டின் துடிப்பு வயருக்குள் ஓடவும் நேரம் எடுக்குமாம்; படகின் குரல் நாலு போர்டுக்கும் வந்துசேரும் நேரத்தை ஒப்பிட்டுத்தான் பெட்டி திசை சொல்லுமாம். எவ்வளவு நேரமென்று கேட்டேன். ஒரு செக்கனைக் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட வராதாம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, தம்பி. கடையில் எட்டுச் சுவர் மணிக்கூடுகள் தொங்குகின்றன. ஒன்றுக்கொன்று ஐந்து நிமிடம் முன்பின். அதனால் யாரும் கடலில் தொலையவில்லை. கோடியில் ஒரு பங்கும் இல்லாத நேரம் ஒரு மனிதனை இரண்டு நாள் கடலில் போட்டு வைக்குமா? அப்படியென்றால் ஒரு கடதாசித் துண்டில் "வெட்டாதே" என்று எழுதி ஒட்டியிருக்கக் கூடாதா நீங்கள்? கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க இதே யோசனை.

பெட்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன். மீனவர் சங்கத்துக்குப் பழுது என்று மட்டும் சொன்னேன்.

இன்று காலை யூட்ஸ்ரனின் மனைவி றீற்றா ஒரு பெரிய பாரை மீனோடு வீட்டுக்கு வந்தார். பெட்டி காட்டிய இடத்தில்தான் கணவரைக் கண்டெடுத்தார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். "நானா, உங்கடை மிசினாலைதான் என்ரை மனிசன் உயிரோடை வந்தவர்" என்று ஸபூராவின் கையைப் பிடித்து அழுதார். நான் மீனை வாங்கிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தேன். தொண்ணூறில் இங்கிருந்த முஸ்லிம்கள் எல்லோரோடும் துரத்தப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடம் கிடந்து திரும்பி வந்தவன் நான். இந்த ஊரில் ஒருவர் வீடு தேடி வந்து எனக்கு நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை.

வயர்தான் காரணமென்றால் மழுப்பாமல் "ஓம், அதுதான்" என்று எழுதுங்கள். அன்றைக்கே குருநகர் போய் றீற்றாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். பதில் பிந்தினால் சொல்லாமலே இருந்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது. அல்லாஹ் உங்கள் பிள்ளைக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்,
நளீர் நானா