வெள்ளைக் குதிரை வாங்கப்போகிறவர்

ஐப்பசி 12, வெள்ளிக்கிழமை.

இன்று திருமங்கலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. வயது இருபத்தாறாம். மீசைக்கு நாற்பது இருக்கும்.

"மாப்ள, இனிமே என்னென்ன செய்யப்போறீகன்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க. காது குளிரக் கேக்கணும்" என்றார் அப்பா. அப்பாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். லண்டன் போவாராம். நீதிபதி ஆவாராம். வெள்ளைக் குதிரை வாங்குவாராம். நாளைக்கு மழை பெய்யுமாம். கதவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்ற நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். என் எட்டாம் வகுப்பு இலக்கணப் புத்தகத்தில் எதிர்காலப் பாடத்துக்குக் கீழே இருக்கும் பயிற்சி அது. ஒரு வாக்கியம்கூட இடம் மாறவில்லை. மழையைக்கூட விடவில்லை மனுஷர்.

அப்பா அசந்துபோனார். "கல்யாணத்தைத் தையில வச்சுக்கலாமா மாப்ள?" என்று கேட்டார்.

அந்தப் பயிற்சியில் கல்யாணம் கிடையாது. லண்டன் வரை போய்வந்தவர் திருதிருவென்று விழித்தார். பிறகு தமிழில், "எங்கம்மாவைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றார்.

வந்தவர் போனதும் புத்தகத்தை எடுத்துவந்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"அம்புட்டையும் மனப்பாடமாச் சொன்னாரா? எம்புட்டு மூளை தாயி!"

என்னிடமும் எதிர்காலத்துக்கு ஒரு வார்த்தை இருக்கிறது. மாட்டேன். காலையில் அதைத் தமிழிலேயே சொல்வேன். யார் அம்மாவையும் கேட்கப்போவதில்லை.