நீலச் சுவரும் அசையாத கேமராவும்

எதிர்வீட்டுச் சுவருக்கு இன்று நீலம் அடிக்கிறார்கள். பெயின்ட் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் உன் நினைவு வந்தது. வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எதுவும் எழுத வராது. நீ சிரித்தாலும் பரவாயில்லை.

1. கேபிள் சேனல் அறையில் நாம் செய்த சோதனை.
2. கேமரா நகர்வதைக் கணினிக்குத் தெரிவிக்க இருந்த வழிகள்.
3. அசையாத கேமராவை நான் பரிந்துரைத்த காரணம்.
4. அதனால் உன் வேலை போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது என்பது.

புதிய நூற்றாண்டு பிறந்திருந்த சமயம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. நீ அங்கே கேமராமேன். நான் கல்லூரியில் மின்னணுவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். நீலச் சுவருக்கு முன்னால் நின்று பேசும் பெண்ணை, கணினி வரைந்த கோயில் மண்டபத்தில் நிற்பதுபோல் காட்ட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. கருட சேவை அன்று நேரடி ஒளிபரப்பு, அதற்குள் தயாராக வேண்டும். கேமரா நகர்ந்தால் வரைந்த தூண்களும் அதற்கேற்ப நகர வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண் மிதப்பாள். எந்த வழி நல்லது என்று எழுதித் தரச் சொல்லி என்னை அழைத்தார்.

முதல் நாள் அவள் மயில்கழுத்துப் பட்டில் வந்துவிட்டாள். நீலமாகத் தெரிவதையெல்லாம் கணினி மண்டபமாக மாற்றிவிடும், அதனால் திரையில் தலையும் கைகளும் மட்டும் பேசின. "பொடவ மட்டும் மோட்சத்துக்குப் போயிருச்சு சாமி" என்றாய்.

ஸ்டாண்டின் தலையிலும் லென்ஸிலும் உணரிகளைப் பொருத்தலாம். கேமரா திரும்புவது தெரியும், ஆனால் ஸ்டாண்டையே தள்ளினால் தெரியாது. கூரையில் குறிகள் ஒட்டி, அவற்றைப் பார்க்க இன்னொரு சிறு கேமரா வைக்கலாம். அதன் விலையைக் கேட்டதும் முதலாளி தண்ணீர் வாங்கிக் குடித்தார். சுவரிலேயே வேறொரு நீலத்தில் கட்டங்கள் போட்டு, அவை தெரியும் விதத்தை வைத்துக் கேமரா எங்கே நிற்கிறது என்று கணிக்கலாம். கடைசி வழி, கேமராவை அசைக்காமலே விடுவது.

நீ கட்டத்தைப் பிடித்துக்கொண்டாய். "நடந்துக்கினே எடுத்தாதான் சாமி படம். நின்னு எடுத்தா அது போட்டோ." கட்டங்களை நீயே போட்டாய், எல்லாம் ஒரே அளவில். எது எந்தக் கட்டம் என்று கணினிக்குப் புரியவில்லை. மண்டபம் தாவிக் குதித்தது. இடைவெளிகளைக் கூட்டிக் குறைத்துப் போடச் சொன்னேன். "இப்படிக் கட்டம் போட்டா எந்தத் தறிக்காரரும் நம்மள வாசல்ல சேர்க்க மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே மாற்றினாய்.

பிறகு சக்கர ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு, மூச்சை அடக்கி நகர்ந்தாய். தூண்கள் அவளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக விலகின. பெருமாள் புறப்பாட்டில் கூடவே நடப்பதுபோல் இருந்தது. நான் கை தட்டிவிட்டேன். அவள் முகத்துக்கு மிக அருகே போனபோது மட்டும் கட்டங்கள் மறைந்து, மண்டபம் ஒரு முறை துள்ளியது.

"லைவ்ல இப்படி ஆனா?" முதலாளி என்னைத்தான் பார்த்தார்.

"கிட்ட போகாம எடுக்கறேன், அவ்ளோதானே" என்றாய் நீ.

அது போதுமானதுதான். ஆனால் ஊரே பார்க்கும்போது மண்டபம் துள்ளினால், யார் சொல்லி இதைச் செய்தீர்கள் என்று கேட்பார்கள். அசையாத கேமராவே பிழையற்றது என்றேன்.

படியில் இறங்கும்போது கேட்டாய்: "கேமராவக் கட்டிப்போட்டா நான் எதுக்கு சாமி? ஸ்டாண்டே பாத்துக்குமே."

நான் சிரித்தேன். மறுநாள் பரிந்துரையை எழுதிக் கொடுத்தேன்.

ஒளிபரப்பில் பிழை எதுவும் நேரவில்லை. திருவிழா முடிந்ததும், கணினியில் உட்கார்ந்தவரே கேமராவையும் இயக்கிக்கொண்டார். நீ உன் ஊர் ஐயம்பேட்டைக்குத் திரும்பிக் கல்யாண வீடியோ எடுக்கப் போனாய். பின்னொரு நாள் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது, "ஸ்டாண்டு சௌக்கியமா இருக்குதா சாமி?" என்று கேட்டாய். அதற்கும் சிரித்துவைத்தேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், பேருந்து வந்துவிட்டது என்று ஏறிக்கொண்டேன். அடுத்து உன்னைப் பற்றி வந்தது சாவுச் செய்திதான்.

இப்போது எல்லாச் சேனல்களிலும் கேமரா சுற்றி வருகிறது. இல்லாத தூண்கள் சரியாக விலகுகின்றன. பார்க்கும்போதெல்லாம் உன்னைப்போல் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். கேமரா நின்ற பிறகுதான் விடுகிறேன்.

மேலே போட்ட வரிசையை இப்போது சரிபார்த்தேன். நான்காவது தவறு. படியில் நீ கேட்டபோதே எனக்குத் தெரியும்.